இதர செலவுகள்

வாலிபர் ஐக்கியத்தின் கணக்கு நோட்டு
உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியிலிருந்தே என் மடியில்.
டோல், டீசல், தாப்பாவில் பதினோரு தேநீர்,
ஈப்போவில் பெனீனாவின் குமட்டலுக்குப்
புளிப்பு மிட்டாய், இரண்டு வெள்ளி நாற்பது.
பினாங்குப் பாலத்தில் ஏறியதும்
எல்லோரும் பாட்டை நிறுத்திக் கடலைப் பார்த்தார்கள்.
பாலத்துக்கு எவ்வளவு என்று
நான் எழுதிக்கொண்டிருந்தேன்.

பாம்புக் கோயில் எங்கள் நிரலில் இல்லை.
நிரலில் இருந்தது ஜார்ஜ்டவுன் தமிழ்ச் சபை,
மாலை ஆறு மணி, நான்கு பாட்டு.
இப்போது மணி இரண்டுகூட ஆகவில்லை.
"பக்கத்துலதான்லா, ஒரு எட்டு பாத்துட்டுப் போலாம்"
என்றார் ஓட்டுநர் தணிகாசலம்.

வேனுக்குள் அவசர ஆலோசனைக் கூட்டம்.
போகலாமா.
போனால் செருப்பைக் கழற்ற வேண்டுமா.
கழற்றினால் அது கும்பிட்டதாக ஆகுமா.
சீனக் கோயில், செருப்போடு போகலாம் என்று
தணிகாசலம் சொன்னதும்
பாதி இறையியல் அங்கேயே முடிந்துவிட்டது.
மீதியைத் தலைவர் ரெஜினால்ட் முடித்துவைத்தான்:
பார்க்கப் போகிறோம், பார்த்துவிட்டு வருகிறோம்.

கிருபாகரன் மட்டும் இறங்கவில்லை.
பிறந்தநாள் மெழுகுவர்த்தியை ஊதவே
இரண்டு தரம் யோசிக்கிறவன்.
பணப் பையை அவன் பொறுப்பில் விட்டுப் போனேன்.

உள்ளே புகை, கண்ணைக் கரிக்கும் புகை.
இலையில்லாத கிளையில்
பச்சை உடம்பு, மஞ்சள் வரி,
எங்கள் பிளாக்கில் கம்பில் காயப்போட்டு
யாரோ மறந்துபோன காலுறையைப் போல.
எங்களுக்குத் தெரிந்த பாம்பு ஒன்றே ஒன்று,
தோட்டத்தில் இருந்தது, நன்றாகப் பேசும்.
இது பேசவில்லை.
"தூங்குதா?" என்றேன் பூங்கோதையிடம்.
"தெரியாது. அதுக்கு இமை கிடையாது."
அவள் உயிரியல் படிக்கிறவள்.
கதிரொளி செல்ஃபி எடுக்க,
பின்னால் சிலை விழாதபடி
ரெஜினால்ட் கோணம் சொல்லிக்கொடுத்தான்.
கிளம்பும்போது மழை.

வேனில் எண்ணிப் பார்த்தேன், ஐந்து வெள்ளி குறைந்தது.
மறுபடி எண்ணினேன்.
முன் இருக்கையில் கிருபாகரனின் ஈரத் தலை.
ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தான்.
அதிலும் ஊதுபத்தி வாசம்.
நான் எதுவும் கேட்கவில்லை.

ஆறு மணிக்கு வெள்ளைச் சட்டைகளில் வரிசையாக நின்றோம்.
மூச்சை இழுத்துப் பாடும் இடங்களில் எல்லாம்
பக்கத்திலிருப்பவர் தோளிலிருந்து
அந்தப் புகை உள்ளே போய்க்
குரலாக வெளியே வந்தது.
முதல் பெஞ்சில் ஓர் அம்மா மூக்கை உறிஞ்சினார்.
அவருக்குச் சளியாகவும் இருக்கலாம்.

இரவு, சபை மண்டபத்தில் பாய் விரித்த பிறகு வந்தான்.
"அக்கா, அந்த அஞ்சு வெள்ளி நான்தான்."
"எதுக்கு?"
"முட்டைக்கு. அங்க பாம்பு எட்டு இருந்துச்சு.
தட்டுல முட்டை ஒண்ணுதான்.
கணக்கு சரியா வரல. உண்டியல்ல போட்டுட்டேன்."
"கும்பிட்டியா?"
அதைக் கேட்டது நான்தான், என் குரல்தான்.
"இல்லக்கா. பசிக்குமேன்னு நெனச்சேன்."
கொஞ்ச நேரம் மின்விசிறி மட்டும் சுற்றியது.
"பாவமா அது?"
"நான் பொருளாளர், தம்பி. ஆயர்கிட்ட கேளு."
அவன் போகாமல் நின்றான்.
"பணத்தைத் திருப்பித் தந்துடறேன்."
"வேணாம்" என்றேன். ஏனென்று எனக்கும் தெரியவில்லை.

மாதக் கடைசியில் தணிக்கை.
திரு. தேவஇரக்கம், சிவப்புப் பேனா,
ஒவ்வொரு வரிக்கும் ஓர் இருமல்.
தேநீரைத் தாண்டினார், மிட்டாயைத் தாண்டினார்.
"முட்டை, அஞ்சு வெள்ளி. ரசீது இல்லையே?"
"அங்கே தரமாட்டாங்க, ஐயா."
"எத்தனை பேர் சாப்பிட்டீங்க?"

பச்சை நோட்டு ஒன்று
பச்சைக் கிளையாகி அசைவதுபோல் இருந்தது.

"எட்டுப் பேர்" என்றேன்.